திருகோணமலை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே மிதந்துகொண்டு நிற்கும் பழைய பாய்மரப் போர்க்கப்பலுக்கு எங்கள் ஊரின் பெயர்: எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. நான் திருகோணமலையில் பிறந்தவன். இப்போது அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் வாழ்கிறேன். ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ யார் வந்தாலும் முதல் வேலையாக அங்கேதான் கூட்டிப்போவேன். போகும் வழியில் காருக்குள் தொடங்கும் கேள்விகள் திரும்பி வரும்வரை ஓயாது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இது எங்கட திருகோணமலையில கட்டின கப்பலோ?

இல்லை. பம்பாயில் கட்டியது. 1816இல் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், வைத்து, 1817 அக்டோபர் 12ஆம் தேதி கடலில் இறக்கினார்கள். கட்டியவர்கள் பம்பாய்க் கப்பல் தச்சர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேஸ்திரி ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய இந்தியக் கப்பல் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அப்ப ஏன் எங்கட ஊர்ப் பேரை வைச்சவங்கள்?

1782இல் திருகோணமலைக்கு வெளியே நடந்த கடற்சமரின் நினைவாக வைத்த பெயர் என்பார்கள். அந்த ஒரே வருடத்தில் ஊர் இரண்டு கை மாறியது. ஜனவரியில் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். அதை மீட்க வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸுக்கும் சஃப்ரெனுக்கும் செப்டம்பர் 3ஆம் தேதி நடந்ததுதான் அந்தச் சமர். இரண்டு பக்கமும் அடிவாங்கின. வென்றவர் என்று யாருமில்லை. ஆங்கிலேயருக்குத் துறைமுகமும் திரும்பக் கிடைக்கவில்லை. 1795இல்தான் மறுபடி அவர்கள் கைக்கு வந்தது.

ஒரு துறைமுகத்துக்காக இத்தனை அடிபாடு ஏன் என்று ஊரைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். எந்தக் காற்றுக் காலத்திலும் பெரிய கப்பல்கள் பயமில்லாமல் நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் சென்னைக் கரையில் அந்தக் காலத்தில் கப்பல் நிற்க முடியாது. வங்கக் கடலில் கடற்படை வைத்திருக்க நினைத்த எவருக்கும் திருகோணமலை தேவைப்பட்டது. கோணேசர் கோயில் நிற்கும் பாறையின்மேல் போய் நின்று உள்துறைமுகம் இருக்கும் பக்கம் பார்த்தால் மீதி தானாக விளங்கும்.

என்ன அண்ணை, படத்தில பார்க்கச் சின்னனா இருக்கு. உண்மையில எவ்வளவு பெரிசு?

பீரங்கித் தட்டின் நீளம் 150 அடி. அகலம் கிட்டத்தட்ட 40 அடி. மூன்று பாய்மரங்கள். கட்டியபோது 300க்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்து வேலை செய்யும் கணக்கில் திட்டமிட்ட கப்பல்.

அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல்களில் இரண்டு, மூன்று தட்டுகளில் பீரங்கிகள் இருக்கும். இது அந்த வகை இல்லை. ஃபிரிகேட் என்பார்கள். முழுப் பீரங்கி வரிசை ஒரே தட்டில்தான். அதனால் பெரிய கப்பல்களைவிட வேகம் அதிகம். உளவு பார்க்க, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக, தூரக் கடல்களில் தனியே சுற்ற ஃபிரிகேட்டைத்தான் அனுப்புவார்கள். இந்தக் கப்பலின் வகைக்கு லீடா வகை என்று பெயர். 1782இல் ஆங்கிலேயர் பிடித்த ஹீப் என்ற பிரெஞ்சுக் கப்பலின் வடிவத்தைப் பார்த்து வரைந்த வகை அது. 38 பீரங்கி வகை என்று பதிவானாலும், கூடுதல் பீரங்கிகளோடு எண்ணிக்கை அதற்கு மேல் போகும். முக்கிய வரிசையில் இருந்தவை 28. ஒவ்வொன்றும் 18 இறாத்தல் குண்டு சுடும், எடை சுமார் 2 தொன்.

வெள்ளைக்காரன்கிட்ட இல்லாத தச்சனா, இல்லாத மரமா? எதுக்கு பம்பாய் வரைக்கும் வந்து கட்டணும்?

தச்சர் இருந்தார்கள். மரம்தான் இல்லை. நெப்போலியனோடு ஆண்டுக்கணக்கில் நடந்த போரில் இங்கிலாந்தின் ஓக் காடுகள் வற்றிப்போயின. ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் முதிர்ந்த ஓக் மரங்கள் வேண்டும். ஓர் ஓக் அந்தப் பருமனுக்கு வளர நூறு வருடமாகும்.

பம்பாயில் உலர் கப்பல்துறைகள் ஏற்கெனவே இருந்தன. மலபாரிலிருந்து தேக்கு கடல்வழியே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடியா குடும்பத்தின் வேலைத்திறன் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ஜம்ஷெட்ஜி 1810இல் மின்டன் என்ற 74 பீரங்கிக் கப்பலைக் கட்டி இறக்கியிருந்தார். அதற்குப் பிறகு தேக்குக் கப்பல்களுக்கு லண்டன் தயங்கவில்லை. ட்ரிங்கோமலிக்கு ஆன செலவு சுமார் 23,000 பவுண்.

தேக்குன்னா அவ்வளவு உசத்தியா? ஓக்கும் நல்ல மரம்தானே?

ஓக் நல்ல மரம்தான், ஆனால் அதற்கு இரண்டு குறை. ஈரத்தில் உளுத்துப்போகும். அதில் ஊறும் புளிப்புச் சத்து இரும்பு ஆணிகளைத் தின்றுவிடும். ஆணி போனால் பலகை கழன்றுவிடும். தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருக்கிறது. அது தண்ணீரையும் பூஞ்சையையும் தள்ளி வைக்கும், இரும்பையும் அரிக்காது. நம் வீட்டுப் பழைய தேக்குக் கதவுகளில் நூறு வருட ஆணியைப் பிடுங்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இந்தக் கப்பல் இன்றைக்கும் மிதக்க முதல் காரணம் இதுதான். கீழ்த்தட்டில் பழைய மரமொன்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். தச்சர் கைக்கோடரி போட்ட தடம் சின்னச் சின்ன அலையாக விரலுக்குத் தட்டுப்படும். நான் கூட்டிப்போகிற எல்லாரையும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துவேன்.

அந்தத் தேக்கு யாருடைய காட்டிலிருந்து வந்தது? காசு கொடுத்து வாங்கினார்களா?

மலபார்க் காடுகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1806இல் கிழக்கிந்தியக் கம்பனி, வாட்சன் என்ற அதிகாரியை வனப் பாதுகாவலராக நியமித்தது. பாதுகாப்பு என்பது பெயரில்தான். மலபார், திருவிதாங்கூர்த் தேக்கை எல்லாம் கம்பனிக்கே என்று ஆக்கி, அதுவரை தங்கள் நிலத்து மரத்தை வெட்டி விற்றவர்களையும் வீட்டுக்கு மரம் எடுத்தவர்களையும் தடுத்தார்கள். மர வணிகர்களும் நில உடைமையாளர்களும் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். 1823இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்.

வருடங்களைப் பொருத்திப் பாருங்கள். எங்கள் கப்பல் கட்டியது 1816, 1817. அந்தத் தடை உச்சத்தில் இருந்த காலம். யானைகள் இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு, கரைக்கு வந்து பம்பாய்க்கு ஏறிய மரங்களுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. வெட்டிய வேகத்தில் காடு திரும்பாது என்று புரிந்தபிறகு, 1840களில் நிலம்பூரில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனோனும் தேக்கை நட்டே வளர்க்கத் தொடங்கினார்கள். அதன் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. கேரளம் போகிறவர்கள் பார்க்கலாம்.

வாடியா என்டது துணிக்கடைக்காரர் இல்லையோ?

பின்னாளில் பம்பாயில் துணி ஆலை தொடங்கிய வாடியாக்கள் இந்தக் குடும்ப வழிதான். ஆனால் முதலில் கப்பல்காரர்கள். லவ்ஜி நசர்வான்ஜி வாடியா சூரத்தில் தச்சராக இருந்தவர். 1736இல் கம்பனி அவரைப் பம்பாய்க்குக் கூட்டிவந்தது. அதிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்க் கப்பல்துறையின் தலைமைத் தச்சர் பதவி அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. ஜம்ஷெட்ஜி லவ்ஜியின் பேரன்.

பார்சிகளின் வழக்கப்படி ஏராவில் ஒரு வெள்ளி ஆணி அடித்துத்தான் வேலை தொடங்குவார்கள். எங்களூரில் வள்ளம் கட்டும்போது மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுத் தொடங்குகிற மாதிரி. ட்ரிங்கோமலிக்கும் அப்படி ஆணி அடித்தார்கள்.

இவர்கள் கட்டிய மற்றக் கப்பல்களின் கதையும் கேட்க வேண்டியது. ஜம்ஷெட்ஜி கட்டிய கார்ன்வாலிஸ் என்ற கப்பலின் தட்டில்தான் 1842இல் சீனாவோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. ஹொங்கொங் பிரித்தானியாவுக்குப் போனது அதில்தான். அவர் 1815இல் இறக்கிய வெல்லெஸ்லி 125 வருடம் மிதந்து, 1940இல் தேம்ஸ் ஆற்றில் ஜெர்மன் குண்டு விழுந்து மூழ்கியது. ஜம்ஷெட்ஜி 1821இல் இறந்தார். ட்ரிங்கோமலி பற்றிய பேச்சில் கப்பல் தலைவர்களின் பெயர் வரும் அளவுக்கு இவர் பெயரும் வர வேண்டும் என்பது என் கட்சி. அதனால்தான் இந்தப் பதிலை நீட்டினேன்.

1812இல் கப்பலைக் கட்ட உத்தரவு கொடுத்துவிட்டு 1816 வரை என்ன செய்தார்கள்?

உத்தரவு 1812 அக்டோபரில். வரைபடங்களை ஏற்றிக்கொண்டு ஜாவா என்ற போர்க்கப்பல் பம்பாய்க்குப் புறப்பட்டது. டிசம்பர் 29ஆம் தேதி பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் அதை மறித்து அடித்து நொறுக்கியது. அப்போது அமெரிக்காவோடும் பிரித்தானியா போரில் இருந்தது. வரைபடங்களும் அதோடு போயின. மறுபடி நகல் எடுத்து வேறு கப்பலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்தக் கான்ஸ்டிடியூஷன் என்ற பெயரை நினைவில் வையுங்கள். கீழே மறுபடி வரும்.

நெப்போலியன் இதில பயணம் செய்தவராமே?

இல்லை. பாதி கேட்டுப் பரவிய கதை. கப்பல் இங்கிலாந்துக்கு வந்த முதல் பயணத்தில், 1819 ஜனவரி 24ஆம் தேதி செயின்ட் ஹெலினா தீவில் நின்றது. நெப்போலியன் அங்கேதான் சிறையில் இருந்தார். ஆறு நாள் கழித்துப் புறப்பட்டபோது கப்பலில் ஏறியவர் ஜான் ஸ்டோக்கோ என்ற கடற்படை மருத்துவர். நெப்போலியனைப் பார்த்து வைத்தியம் செய்தவர். நோயாளியிடம் பரிவாக நடந்துகொண்டது தீவின் ஆளுநருக்குப் பிடிக்காமல் போய், அவர் அங்கிருந்து விலக வேண்டி வந்தது. கப்பல் ஏப்ரல் 30ஆம் தேதி போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்தது.

வந்து சேர்ந்ததும் சண்டைக்கு அனுப்பினார்களா?

சண்டை முடிந்திருந்தது. நெப்போலியன் 1815இலேயே வாட்டர்லூவில் தோற்றுவிட்டார். கப்பலின் ஏரா வைத்ததே அதற்குப் பிறகு. ஆகவே புதுக் கப்பலை அப்படியே ஒதுக்கத்தில் கட்டிப்போட்டார்கள். ஒதுக்கத்தில் போடுவது என்றால் பாய்மரம், பீரங்கி, கயிறு எல்லாவற்றையும் கழற்றி, சில காவலாட்களோடு நிறுத்திவைப்பது. கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நின்றது.

அந்த ஓய்வு கப்பலுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. அதன் வயதுக் கப்பல்கள் பல அந்தக் காலத்தில் புயலிலும் பாறையிலும் அடிபட்டு, தேய்ந்து, விறகுக்குப் போயின. 1845இல் இதை மறுபடி எடுத்தபோது உடல் உறுதியாகவே இருந்தது. பின்புறத்தை வட்ட வடிவமாக மாற்றினார்கள். பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, எடை கூடியவையாகப் போட்டு, வகையையும் ஃபிரிகேட்டைவிடச் சிறிய கொர்வெட் என்று மாற்றினார்கள். 1847இல்தான் முதல் தடவையாகக் கடற்படைப் பணிக்குப் புறப்பட்டது. கடலில் இறங்கி 30 வருடம் கழித்து.

பணி என்றால் என்ன? எங்கெங்கே போனது?

இரண்டு நீண்ட பயணங்கள். முதலாவது 1847இலிருந்து 1850 வரை, வட அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும். அடிமைகளை ஏற்றிவரும் கப்பல்களை மறிக்கும் ரோந்தில் இருந்தது. ஹெய்டியில் கலவரத்தை அடக்கப் போனது. கியூபாமீது படையெடுப்பு வரும் என்ற பயம் எழுந்தபோது காவல் நின்றது. 1849இல் வடக்கே நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடோர் வரை அனுப்பினார்கள்.

இரண்டாவது 1852இலிருந்து 1857 வரை, பசிபிக் பெருங்கடலில். தலைவர் வாலஸ் ஹூஸ்டன். தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பனாமாக் கால்வாய் அப்போது கிடையாது. வடதுருவக் கடலில் காணாமல் போன ஃபிராங்க்ளின் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரியின் குழுவைத் தேடிய காலம் அது. பெரிங் நீரிணைப் பக்கம் நின்ற தேடுதல் கப்பல்களுக்கு ட்ரிங்கோமலி பொருட்கள் கொண்டுபோய்க் கொடுத்தது. மலபார் வெயிலில் வளர்ந்த மரம் அலாஸ்காவின் பனிக்குள் போய் வந்தது என்று சொன்னால் கூட வரும் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

சுத்திச் சுத்திச் சொல்றீங்க. ஒரு சண்டையாவது போட்டிருக்கா இல்லையா?

பெரிய கடற்சமர் எதிலும் இல்லை. பசிபிக்கில் இருந்தபோதுதான் ரஷ்யாவோடு கிரிமியப் போர் வந்தது. 1854இல் பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் ரஷ்யாவின் பெத்ரோபவ்லோவ்ஸ்க் துறைமுகத்தைத் தாக்கித் தோற்றன. ட்ரிங்கோமலி அந்தத் தாக்குதலில் இல்லை. அடுத்த வருடம் பெரிய படையாகத் திரும்பிப் போனபோது ரஷ்யர்கள் ஊரையே காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்ப யாருக்கும் கெடுதல் செய்யாத போர்க்கப்பல் எண்டு சொல்லலாம்தானே?

சொல்லக் கூடாது. நானும் சில காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் 1856இல் நடந்ததைப் படித்தேன்.

இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு. அங்கே கவுச்சான் என்ற பூர்வகுடி மக்கள். அவர்களோடிருந்த தத்லசுத் என்பவர் ஒரு வெள்ளைக் குடியேறியைச் சுட்டுக் காயப்படுத்தினார். ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் ட்ரிங்கோமலியில் ஏறி, சுமார் 400 ஆயுதம் தாங்கிய ஆட்களோடு கவுச்சான் விரிகுடாவில் போய் இறங்கினார். குற்றவாளியைப் பிடித்து, அங்கேயே விசாரித்து, அவருடைய மக்களின் கண் முன்னால் தூக்கிலிட்டார்கள். சுடப்பட்டவர் உயிர் பிழைத்தார். சுட்டவர் பிழைக்கவில்லை.

கப்பல் பீரங்கியால் சண்டை போடவில்லை என்பது உண்மைதான். ஒரு விரிகுடாவில் 26 பீரங்கியோடு வந்து நின்றாலே போதும், கரையில் இருப்பவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். அதற்காகத்தான் அதை உலகம் சுற்ற வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத் தீவுகளுக்கிடையே ஒரு கடற்பாதைக்கு இன்றும் ட்ரிங்கோமலி கால்வாய் என்று பெயர். பக்கத்தில் இன்னொன்றுக்கு ஹூஸ்டன் பெயர். வான்கூவரில் இருக்கும் எங்களூர்ச் சனம் வரைபடத்தில் தேடினால் கிடைக்கும். பெயரைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது அது அங்கே எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

காத்து இல்லாட்டி என்ன செய்வாங்கள்? அந்த நேரம் நீராவிக் கப்பல் வந்திட்டுதுதானே?

வந்துவிட்டது. மேலே சொன்ன கவுச்சான் பயணத்திலேயே ஒட்டர் என்ற சின்ன நீராவிக் கப்பல்தான் இதைக் கயிறு கட்டி இழுத்தது. தீவுகளுக்கிடையே குறுகிய கடலில் காற்று சொன்னபடி கேட்காது. 1857இல் கப்பல் இங்கிலாந்து திரும்பியபோது பாய்மரப் போர்க்கப்பலின் காலம் முடிந்துவிட்டது. மூன்று வருடத்தில் பிரித்தானியா முழுக்க இரும்பு உடலோடு வாரியர் என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது.

உள்ளே 300 பேர் எப்படித்தான் படுத்தார்கள்?

கீழ்த்தட்டில் தூக்குத் தொட்டிலில். கித்தான் துணியில் செய்தது, இரண்டு முனையும் உத்திரத்தில் கட்டியிருக்கும். ஓர் ஆளுக்குக் கடற்படை ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். ஒரு முழத்துக்கும் குறைவு. பாதிப்பேர் மேலே காவலில் இருப்பார்கள் என்பதால் உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும். துறைமுகத்தில் எல்லாரும் ஒன்றாகப் படுத்தால் தோளோடு தோள் இடிக்கும்.

சாப்பாடும் அங்கேயே, சின்னச் சின்னக் குழுவாக. உப்புப் போட்ட மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பட்டாணி, கல்போல் காய்ந்த பிஸ்கட். சூரிய வெளிச்சம் கீழே சரியாக வராது. என் உயரத்துக்கு அந்தத் தட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது, உத்திரத்துக்கு உத்திரம் குனிய வேண்டும். பின்புறத்தில் தலைவரின் அறைக்குள் நுழைந்தால் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள், மேசை, வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டுத்தான்.

புத்தகங்களில் ஃபூட்ரோயான் என்று ஒரு கப்பல் வருகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான், ஆனால் இரண்டு ஃபூட்ரோயான்கள் உண்டு. குழப்பம் அங்கேதான் வருகிறது.

1860களில் ட்ரிங்கோமலியைச் சண்டர்லாந்திலும் பிறகு ஹார்ட்டில்பூல் பக்கத்திலும் கட்டிவைத்து, சேமப்படை மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1877இல் தெற்கே சவுதாம்ப்டன் பக்கம் கொண்டுபோனார்கள். 1897 மே மாதம் உடைப்பதற்கு விற்றார்கள். அதே வருடம் ஜூனில் வேறொரு இடத்தில் இன்னொரு கப்பல் அழிந்தது. ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வந்தர், பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் இருந்த ஃபூட்ரோயான் என்ற பழைய கப்பலைத் தன் சொந்தச் செலவில் காப்பாற்றி வைத்திருந்தார். அது பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. அதற்குப் பதிலாக அவர் ட்ரிங்கோமலியை உடைப்பாரிடமிருந்து வாங்கி, இழந்த கப்பலின் பெயரை இதற்கு வைத்தார். ஆகவே 1897க்கு முந்திய ஃபூட்ரோயான் வேறு கப்பல். 20ஆம் நூற்றாண்டில் ஃபால்மத்திலும் போர்ட்ஸ்மத்திலும் இளையோர் பயிற்சிக் கப்பலாக நின்றது எங்களுடையது. 1986 வரை அந்தப் பணி நடந்தது. 1992இல் பழைய பெயர் திரும்பியது.

மற்றக் கப்பலெல்லாம் போக இது மட்டும் எப்படித் தப்பியது?

தேக்கு ஒரு காரணம், நீண்ட ஓய்வு இன்னொன்று. இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது, எப்போதும் யாருக்காவது ஒரு வேலைக்கு அது தேவைப்பட்டது.

அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு ஓர் உதாரணம். போர்ட்ஸ்மத்தில் இதற்குப் பக்கத்தில் இம்ப்ளேக்கபிள் என்று இன்னொரு பழைய கப்பல் நின்றது. பிரெஞ்சுக்காரர் கட்டியது, டிராஃபல்கர் சமரில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டும் சேர்ந்தே பயிற்சிக்குப் பயன்பட்டன. போர் முடிந்ததும் இம்ப்ளேக்கபிளைப் பழுதுபார்க்கப் பணம் கிடைக்கவில்லை. 1949 டிசம்பர் 2ஆம் தேதி ஆங்கிலக் கால்வாய்க்கு இழுத்துப்போய், வெடி வைத்து மூழ்கடித்தார்கள். எங்கள் கப்பல் சின்னது, செலவு குறைவு, உடல் உறுதி. தப்பிவிட்டது.

கடைசியில் ஏன் ஹார்ட்டில்பூல்? கடற்படை ஊர்கூட இல்லையே?

கை வேலை தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால். நூறு வருடத்துக்கு மேல் கப்பல் கட்டிய ஊர், 1960களோடு கட்டும் தொழில் நின்றுபோனது. முன்பு சொன்ன வாரியரை 1979இலிருந்து 1987 வரை புதுப்பித்தது அங்கேதான். அது முடிந்து போர்ட்ஸ்மத்துக்குப் போன அதே வருடம், ட்ரிங்கோமலியை ஒரு மிதவைப் படகின்மேல் ஏற்றி வடக்கே கொண்டுவந்தார்கள். 1990இல் வேலை தொடங்கி 2001இல் முடிந்தது. செலவு சுமார் 1 கோடி பவுண்.

இவ்வளவு மாத்தினா அது பழைய கப்பலா, புதுக் கப்பலா?

பாய்மரங்கள், கயிறுகள் எல்லாம் புதிது. பீரங்கிகள் மாதிரிகள். கயிறும் கித்தானும் எந்தக் கப்பலிலும் 200 வருடம் நிற்காது, ஓடிய காலத்திலேயே அடிக்கடி மாற்றுவார்கள். கப்பல் என்பது உடல். அந்த உடலின் மரத்தில் பாதிக்கும் மேல் 1817இல் பம்பாயில் வைத்ததே. இந்த வயதுக் கப்பல்களில் இது மிக அபூர்வம். ஆகவே பழைய கப்பல்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

விக்டரி இதைவிடப் பழசு. பிறகு ஏன் இதைப் பழைய கப்பல் என்கிறார்கள்?

நெல்சனின் விக்டரி 1765இல் கடலில் இறங்கியது. வயதில் மூத்தது அதுதான். ஆனால் 1922இலிருந்து அது உலர்துறையில், தரையில் நிற்கிறது. தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் ஐரோப்பாவில் மூத்தது ட்ரிங்கோமலி.

உலகத்தில் இதைவிட மூத்து மிதப்பது ஒன்றே ஒன்று. பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும், 1797இல் இறங்கிய கான்ஸ்டிடியூஷன். மேலே நினைவில் வைக்கச் சொன்ன அதே கப்பல். இதன் வரைபடங்களைக் கடலில் தொலைத்தது அதுதான். இன்று மிதக்கும் வரிசையில் அதற்கு அடுத்து நிற்பது இது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் யூனிகார்ன் என்று ஒரு தங்கைக் கப்பலும் இருக்கிறது, அதே லீடா வகை, 1824இல் இறங்கியது. அதற்கு ஒருபோதும் பாய்மரம் நட்டதே இல்லை.

முன்னால தலைப்பாகையோட ஒரு சிலை இருக்கே, அது யாரு?

அணியத்தில் இருக்கும் முகப்புச் சிலை. குறிப்பிட்ட ஒரு மனிதருடையது அல்ல. கப்பலின் பெயருக்கு ஏற்ப கீழ்த்திசை ஆள் ஒருவரை வைக்க வேண்டும் என்று செதுக்கியது. எங்களூர் முகம் அதில் எனக்குத் தெரியவில்லை. ஊரைப் பார்த்தவர் செதுக்கியதாகவும் தோன்றவில்லை.

அம்மாவையும் கூட்டிப்போகலாமோ? கால் நோ.

மேல்தட்டு, பீரங்கித் தட்டு வரை மெதுவாகப் போய்ப் பார்க்கலாம். அதற்குக் கீழே போகும் படிகள் ஏணி மாதிரிச் செங்குத்து. கீழ்த்தட்டில் தலையும் இடிக்கும். என் சித்தி வந்தபோது கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து முழுக் கப்பலும் தெரியும், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, பீரங்கி வாசல்கள் வரிசையாக. சுற்றிலும் பழைய காலத் துறைமுகத் தெரு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். அரை நாள் ஒதுக்குங்கள். வடகடல் காற்று கோடையிலும் குளிரும், சால்வை கொண்டுபோங்கள்.

இதைத் திருகோணமலைக்கே கொண்டுபோக ஏலாதோ? எங்கட பேர்தானே?

அனேகமாகத் திரும்பி வரும்போது காருக்குள் யாராவது கேட்பார்கள். பெயர் எங்களுடையது. மரம் மலபாருடையது, கை பம்பாயுடையது, காப்பாற்றிய உழைப்பு ஹார்ட்டில்பூலுடையது. உரிமை என்று கேட்கத் தொடங்கினால் பம்பாய் எங்களுக்கு முன்னால் நிற்கும். கப்பலும் இனிக் கடலில் பாய் விரித்து ஓடும் நிலையில் இல்லை. 1987இல் இங்கிலாந்துக்குள்ளேயே மிதவையில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

எனக்கு வேறு ஆசை உண்டு. உள்துறைமுகக் கரையில், எங்கள் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில், இந்தக் கப்பலின் ஒரு மாதிரி இருக்க வேண்டும். இரண்டு முழ நீளம் போதும். பக்கத்தில் ஜம்ஷெட்ஜியின் பெயரும் தத்லசுத்தின் பெயரும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். ஊரில் வள்ளம் கட்டும் ஒருவரிடம் படங்களைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். நல்ல தேக்குத் துண்டு கிடைத்தால் செய்து தருகிறேன் என்றிருக்கிறார்.